சிறுநிறுவனங்களின் பன்னாட்டுக் கூட்டாய்வு நிதியும் பழனி மலைகளும்

பன்னாட்டுக் கூட்டாய்வு நிதி என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு புதிய பொருளையோ செய்முறையையோ உருவாக்கும்போது, அந்த ஆய்வுச் செலவின் ஒரு பகுதியை அந்தந்த நாட்டு அரசுகள் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு ஆகும். இதில் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு முதலிடம் தரும் திட்டங்கள் பல உள்ளன. ஐரோப்பாவின் யூரோஸ்டார்ஸ், அமெரிக்க–இசுரேல் நாடுகளின் பேர்டு நிதியம், இந்திய–இசுரேல் நாடுகளின் ஐ4எஃப் நிதியம் ஆகியவை இவ்வகையைச் சார்ந்தவை.

இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் பெருநகரங்களின் மின்னணு, மருந்து, மென்பொருள் நிறுவனங்களோடு சேர்த்தே பேசப்படுகின்றன. ஆனால் திண்டுக்கல் மாவட்டத்தில் கொடைக்கானலை உள்ளடக்கிய பழனி மலைகளில், வாழை, பூண்டு, காப்பி, ஆட்டு உரோமம் ஆகியவற்றை நம்பிப் பிழைக்கும் சிறு உற்பத்தியாளர்களுக்கும் ஆய்வு தேவைப்படுகிறது. அவர்களுக்கு இந்த நிதி எட்டுமா, எட்டவில்லை என்றால் எந்த இடத்தில் தடைபடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அரசு ஏன் பணம் தர வேண்டும்

ஒரு சிறிய நிறுவனம் புதிதாக ஒன்றைக் கண்டறிய முயலும்போது மூன்று இடர்களைச் சந்திக்கிறது. முயற்சி தோற்றுப்போகலாம். வெற்றி பெற்றாலும் பக்கத்துத் தொழிலகம் அதைப் பார்த்துச் செய்துவிடலாம். இரண்டும் நேராவிட்டாலும், பலன் கைக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கக் கையிருப்பு இருக்காது. பெரிய நிறுவனம் பத்து முயற்சிகளில் ஒன்று வென்றாலும் மற்ற ஒன்பதின் இழப்பை ஈடுகட்டிக்கொள்ளும். சிறிய நிறுவனத்துக்கு இருப்பதே ஒரு முயற்சிதான். ஆய்வின் பலன் அதைச் செய்தவரைத் தாண்டிச் சமூகத்துக்கும் போய்ச் சேர்வதால், செலவில் ஒரு பங்கைச் சமூகம் ஏற்கலாம் என்பதே பொது நிதிக்குச் சொல்லப்படும் காரணம். இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆய்வுக்குச் செலவிடுவது 0.64 விழுக்காடு மட்டுமே (2020–21). அதிலும் தனியார் நிறுவனங்களின் பங்கு பாதிக்கும் குறைவு.

எல்லை தாண்டிச் சேருவதற்குக் காரணம் வேறு. ஒருவரிடம் கருவி இருக்கும், சோதித்துப் பார்க்கப் பயிர் இருக்காது. மற்றவரிடம் பயிரும் நோயும் இருக்கும், கருவி இருக்காது. சந்தையும் அப்படித்தான். அயல்நாட்டில் விற்க அந்நாட்டுத் தரச்சான்று வேண்டும். அதை அறிந்த கூட்டாளி அங்கேயே இருந்தால் பாதி வழி குறையும்.

அழைப்பு ஒன்று, பணப்பை இரண்டு

இத்திட்டங்களைப் பற்றிப் பலர் கொண்டுள்ள தவறான எண்ணம் ஒன்றை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். 'வெளிநாட்டு நிதி வருகிறது' என்று பேச்சில் சொன்னாலும், பெரும்பாலான திட்டங்களில் பணம் எல்லையைத் தாண்டுவதே இல்லை. இந்திய நிறுவனத்துக்கு இந்திய அரசும், கூட்டாளிக்கு அவர் நாட்டு அரசும் பணம் தருகின்றன. முன்மொழிவு அழைப்பும் விண்ணப்பமும் பொது; பணப்பை தனித்தனி.

யூரோஸ்டார்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1985-இல் தொடங்கப்பட்ட யூரேகா என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பின் கீழ் 2008 முதல் இது நடந்துவருகிறது. குறைந்தது இரு நாடுகளின் ஒன்றையொன்று சாராத நிறுவனங்கள் சேர வேண்டும். தலைமை ஒரு சிறு அல்லது நடுத்தர நிறுவனத்திடம் இருக்க வேண்டும். எந்த ஒரு பங்கேற்பாளரும், எந்த ஒரு நாடும் செலவில் 70 விழுக்காட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதாவது பெயருக்கு ஓர் அயல்நாட்டுக் கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு வேலை முழுவதையும் ஒரே இடத்தில் செய்ய முடியாது. மூன்றாண்டுக்குள் ஆய்வு முடிந்து, அடுத்த இரண்டாண்டுக்குள் பொருள் சந்தைக்கு வர வேண்டும். விண்ணப்பங்களை மையமாக மதிப்பிட்டுத் தரவரிசை இடுவார்கள். பணத்தை அந்தந்த நாடு தரும். அதற்கு மேல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பகுதியைச் சேர்க்கும். இங்கே சிறுநிறுவனம் என்பது 250 பேருக்குக் குறைவாகப் பணியாற்றும், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி யூரோவுக்கு மிகாத நிறுவனம். நம் ஊர்க் கணக்கில் அது பெரிய ஆலை.

பணப்பை தனித்தனியாக இருப்பதால் ஒரு சிக்கலும் உண்டு. தரவரிசையில் மேலே உள்ள கூட்டுத்திட்டத்தில் ஒரு நாட்டின் ஒதுக்கீடு தீர்ந்துபோனால், மற்ற நாடு ஆயத்தமாக இருந்தும் திட்டம் நின்றுவிடும். கீழே உள்ள திட்டம் ஒன்று, இரு நாட்டிலும் பணம் மீதமிருந்ததால் தப்பிவிடும். ஆகவே விண்ணப்பிக்கும் முன் நம் திட்டத்தின் தரத்தை மட்டுமல்ல, கூட்டாளி நாட்டில் அந்த ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்கு மாறான வழியில் அமைந்தது பேர்டு நிதியம். 1977-இல் அமெரிக்காவும் இசுரேலும் சேர்ந்து ஒரே நிதியை உருவாக்கி, அதன் வருவாயிலிருந்து இரு நாட்டு நிறுவனங்களின் கூட்டுத்திட்டங்களுக்குச் செலவில் பாதி வரை தருகின்றன. இதுவரை 1,000-க்கு மேற்பட்ட திட்டங்கள் பயன்பெற்றுள்ளன. பொருள் விற்றால் விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டைத் திருப்பிச் செலுத்த வேண்டும். ஆய்வு தோற்றுவிட்டால் எதுவும் திருப்பித்தர வேண்டியதில்லை. கடனும் அல்லாத, முழு மானியமும் அல்லாத இந்த நடுவழியை 'நிபந்தனை மானியம்' என்பர். வங்கிக் கடனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பயிர் கருகினாலும் வங்கி தவணையைக் கேட்கும்.

இந்தியாவின் ஏற்பாடுகள்

இந்தியாவில் இவ்வகை நிதியின் முதன்மையான வாயில் மைய அரசின் அறிவியல், தொழில்நுட்பத் துறை. அதன் கீழுள்ள தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1996-இல் அமைந்தது. இந்த வாரியமும் இந்தியத் தொழில் கூட்டமைப்பும் பங்குதாரர்களாகச் சேர்ந்து உருவாக்கிய இலாபநோக்கற்ற நிறுவனம், சுருக்கமாக ஜி.ஐ.டி.ஏ. எனப்படும் உலகப் புத்தாக்க, தொழில்நுட்பக் கூட்டணி. கனடா, கொரியா, எசுப்பானியா, பின்லாந்து, இசுரேல் முதலிய நாடுகளுடனான தொழில் ஆய்வு அழைப்புகள் இதன் வழியாக நடந்துள்ளன. இந்தியப் பகுதிச் செலவில் பாதி வரை நிபந்தனை மானியம் என்பது பொதுவான அளவு. உச்சவரம்பு அழைப்புக்கு அழைப்பு மாறும்.

இசுரேலுடன் 2005-இலேயே தொழில் ஆய்வு உடன்பாடு ஏற்பட்டிருந்தது. 2017 சூலையில் அது பெரிதாக்கப்பட்டு, 4 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் ஐ4எஃப் நிதியம் அறிவிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒவ்வொரு நாடும் 40 இலட்சம் டாலர் என்பது கணக்கு. வேளாண்மை, நீர், எரிசக்தி, நலவாழ்வு, தகவல்தொழில்நுட்பம் முதலியவை முன்னுரிமைத் துறைகள்.

செருமனியுடன் வேறொரு வடிவம் உள்ளது. இந்திய–செருமானிய அறிவியல், தொழில்நுட்ப மையத்தின் '2+2' முறையில் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு கல்வி அல்லது ஆய்வு நிறுவனமும் ஒரு தொழில் நிறுவனமும் என நால்வர் சேர வேண்டும். சொந்த ஆய்வகம் இல்லாத சிறுநிறுவனத்துக்கு இம்முறை பெரிதும் ஏற்றது. ஆய்வகத்தைப் பல்கலைக்கழகம் கொண்டுவரும். தொழிலகம் தன் தேவையையும் களத்தையும் கொண்டுவந்தால் போதும். பிரான்சுடன் 1987 முதல் இயங்கும் இந்திய–பிரெஞ்சு உயர் ஆய்வு மேம்பாட்டு மையமும், அமெரிக்காவுடனான அறிவியல், தொழில்நுட்ப அறக்கொடை நிதியமும் பிற வாயில்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் இசுரேல் கூட்டுறவு

பழனி மலையடிவாரப் பகுதிக்கு மிக அண்மையில் உள்ள அயல்நாட்டுக் கூட்டுறவு, இரெட்டியார்சத்திரத்தில் உள்ள காய்கறி மகத்துவ மையம். இந்திய–இசுரேல் வேளாண் திட்டத்தின் கீழ்ப் பல மாநிலங்களில் நிறுவப்பட்ட மையங்களில் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் இன்னொன்று கிருட்டிணகிரி மாவட்டம் தளியில் கொய்மலர்களுக்காக உள்ளது. குழித்தட்டு நாற்று, பசுமைக்குடில் சாகுபடி, சொட்டுநீர் வழி உரமிடல் ஆகியவற்றை உழவர்கள் இங்கே நேரில் பார்க்கலாம், நாற்றும் வாங்கலாம்.

இது பயனுள்ள மையம். ஆனால் இக்கட்டுரை பேசும் கூட்டாய்வு நிதி இது அன்று. இங்கே அரசும் அரசும் கைகோக்கின்றன. கண்டறியப்பட்டுவிட்ட நுட்பம் உழவருக்குக் கற்பிக்கப்படுகிறது. ஐ4எஃப் போன்றவற்றில் நிறுவனமும் நிறுவனமும் கைகோக்கின்றன. இன்னும் கண்டறியப்படாத ஒன்றைத் தேடுகின்றன. கிடைத்ததன் உரிமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. முன்னதில் உழவர் மாணவர். பின்னதில் அவர் பங்குதாரராக வேண்டும். மாவட்டத்தில் முதல் வகை காலூன்றிவிட்டதால் இரண்டாவது வகையும் வந்துவிட்டதாக எண்ணிவிடுவது எளிது.

மலைவாழை: எல்லை தாண்டிய ஒரு நோய்

பழனி மலைகளுக்குக் கூட்டாய்வு ஏன் தேவை என்பதை விருப்பாட்சி மலைவாழையைவிடத் தெளிவாகச் சொல்லும் பொருள் வேறில்லை. கீழ்ப்பழனி மலைகளில் காப்பிக்கு நிழலாகவும் தனித்தும் வளர்க்கப்படும் இவ்வாழை, நீர்ச்சத்து குறைந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விரும்பிச் சேர்க்கப்படுவது. விருப்பாட்சி, சிறுமலை வாழைகள் 2008-இல் புவிசார் குறியீடு பெற்றன. பஞ்சாமிர்தம் 2019-இல் பெற்றது.

இந்த வாழையைப் பெருமளவில் அழித்தது முடிக்கொத்து நோய். நோயுற்ற மரத்தின் இலைகள் சிறுத்து, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகத் திரண்டுவிடும். குலை தள்ளாது, தள்ளினாலும் பயன்படாது. இது தீநுண்மியால் வருவது. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கும், நோயுற்ற கன்று ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கும் கொண்டுசெல்லும். நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

இந்நோயின் பயண வழி கவனிக்கத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிசித் தீவுகளில் அறியப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசுத்திரேலியாவுக்கும் இலங்கைக்கும் பரவியது. இலங்கையிலிருந்து 1940 அளவில் கேரளத்துக்கு வந்து, பின்னர் தமிழக மலைகளில் ஏறியது. ஆசுத்திரேலியாவில் வாழைத் தொழிலே ஏறக்குறைய அழிந்த நிலையில், 1920-களில் அரசுகள் பணம் ஒதுக்கி ஆய்வு நடத்தின. நோய் தீநுண்மியால் வருவது, அசுவினியால் பரவுவது என்பது அந்த ஆய்வில்தான் தெளிவானது. நோயுற்ற மரங்களைச் சட்டத்தின் துணையோடு வேரோடு அழித்து, நோயற்ற கன்றுகளை மட்டும் நட்டு அங்குத் தொழிலை மீட்டெடுத்தார்கள். எல்லை தாண்டி வந்த நோய்க்கு ஒரு நாட்டின் பொதுப்பணத்தில் கிடைத்த விடை மற்ற நாடுகளுக்கும் பயன்பட்டது.

பழனி மலைகளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், அதன் தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆய்வு நிலையம், திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் ஆகியவை நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளுக்காக உழைத்துள்ளன. தமிழ்நாட்டின் மலைவாழை உழவர்கள் தங்களுக்கெனக் கூட்டமைப்பும் அமைத்துக்கொண்டுள்ளனர். புவிசார் குறியீட்டைக் கேட்டுப் பெற்றது அவர்களே.

இங்கே ஒரு கூட்டாய்வுத் திட்டம் எப்படி அமையலாம் என்பதற்குக் கற்பனையான எடுத்துக்காட்டு ஒன்றைக் காணலாம். கன்றைத் தோட்டத்திலேயே சோதித்து, நோய் உண்டா இல்லையா என அரைமணி நேரத்தில் சொல்லும் எளிய சோதனைப் பட்டை ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளித் தோற்றத்தில் நோய் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அசுவினி தன் வேலையை முடித்துவிடும். தமிழ்நாட்டின் சிறிய திசு வளர்ப்பு நிறுவனம் ஒன்றும், பயிர்நோய்ச் சோதனைப் பொருள் செய்யும் அயல்நாட்டுச் சிறுநிறுவனம் ஒன்றும் சேர்கின்றன. களச் சோதனையை மலைத்தோட்டங்களில் ஆய்வு நிலையம் நடத்துகிறது. இந்தியப் பகுதிச் செலவு இரண்டாண்டுக்கு 2 கோடி ரூபாய் என்று கொண்டால், மானியம் அதிகம் போனால் 1 கோடி. மீதி 1 கோடியை, அதாவது ஆண்டுக்கு 50 இலட்சத்தை, நிறுவனம் தன் கையிலிருந்து போட வேண்டும்.

2025 ஏப்பிரல் முதல் நடைமுறையில் உள்ள வரையறைப்படி, இயந்திர முதலீடு 2.5 கோடிக்கும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்கும் மிகாதது குறுநிறுவனம். ஆண்டுக்கு 3 கோடி விற்கும் திசு வளர்ப்புக் கூடம் ஒன்று அதில் ஆறில் ஒரு பங்கை இரண்டாண்டுகள் ஆய்வில் போடுமா? மானியமும் மொத்தமாக வராது. முதல் தவணையைச் செலவிட்டு, தணிக்கையாளரின் பயன்பாட்டுச் சான்றிதழைக் கொடுத்து, கட்ட அறிக்கை ஏற்கப்பட்ட பின்னரே அடுத்த தவணை. இடைப்பட்ட மாதங்களில் ஊதியம் கொடுக்க நடைமுறை மூலதனம் வேண்டும். 'பாதிச் செலவை அரசு தரும்' என்ற அறிவிப்பு, கையில் மறுபாதி உள்ளவருக்கான அறிவிப்பு. சிறுநிறுவனங்களுக்கான திட்டம் என்ற பெயரில் சற்றே பெரியவர்கள் அதிகம் பயன்பெறுவதற்கு முதற்காரணம் இதுதான்.

மலை உற்பத்தியாளர் எதிர்கொள்ளும் தடைகள்

பணத்துக்கு அடுத்த தடை, 'நிறுவனம்' என்ற சொல். அழைப்புகள் பொதுவாக இந்தியாவில் பதிவுபெற்ற, தணிக்கை செய்யப்பட்ட கணக்குள்ள நிறுவனங்களையே ஏற்கின்றன. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி ஊர்களின் பூண்டு உழவர் நிறுவனம் அல்லர், பெரும்பாலோர் சிறுநிலக்காரர். இந்த இடைவெளியை நிரப்பச் சட்டத்தில் ஒரு வழி உள்ளது. 2002-இல் நிறுவனச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, உற்பத்தியாளர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்யலாம். ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது இதன் சிறப்பு. இது கூட்டுறவுச் சங்கத்தின் குணமும் நிறுவனத்தின் சட்ட உருவும் கொண்டது. ஆனால் இவ்வகை நிறுவனங்களில் பல இடுபொருள் வாங்கி விற்பதோடு நிற்கின்றன; ஆய்வில் இறங்கக் கணக்கரும் திட்ட எழுத்தரும் வேண்டும்.

கூட்டாகச் சேர்ந்து ஆய்வு வசதி பெறுவது தமிழகச் சிறுதொழிலுக்குப் புதிதன்று. கோவையில் பம்பு, மோட்டார் உற்பத்தியாளர்களின் சங்கங்கள் அரசு உதவியுடன் தங்களுக்கெனச் சோதனை, ஆய்வு மையம் அமைத்துக்கொண்டன. தனித்தனியே வாங்க முடியாத சோதனைக் கருவி, பொதுவில் வைத்தால் எல்லாருக்கும் எட்டியது. மலைவிளைபொருளுக்கும் அதே வழி பொருந்தும்.

ஆய்வகம் மலையில் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கொடைக்கானலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆய்வு நிலையமும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் உள்ளன. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் மண்டல ஆய்வு நிலையம் உள்ளது. மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு, உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் உள்ளது. அங்கு வளர்க்கப்படும் பாரத் மெரினோ ஆடு, அயல்நாட்டு மெரினோ, இராம்புயே கிடாக்களை நம் நாட்டு ஆடுகளோடு கலந்து உருவாக்கியது. 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடத்தைச் சேர்த்தால், இவ்வளவு சிறிய மலைப்பகுதிக்கு இது குறைவான எண்ணிக்கை அன்று. '2+2' போன்ற முறைக்குத் தேவையான ஆய்வுக் கூட்டாளி உள்ளூரிலேயே இருக்கிறார். இல்லாதது தொழில் கூட்டாளி.

மூன்றாவது தடை, நாட்கணக்கு. அழைப்பு வெளியாகி விண்ணப்பம் முடிய இரண்டு மூன்று மாதங்களே கிடைக்கும். அதற்குள் அயல்நாட்டுக் கூட்டாளியைத் தேடி, நம்பிக்கை ஏற்பட்டு, உடன்பாடு எழுதி முடிப்பது கடினம். ஆகவே அழைப்பு வந்தபின் கூட்டாளியைத் தேடுவோர் பெரும்பாலும் பின்தங்குவர். ஏற்கெனவே வாங்கல் விற்றல் தொடர்பு உள்ளவர்கள் முந்திக்கொள்வர்.

விதையும் உரிமையும்

கூட்டாய்வில் யாரும் முன்கூட்டிப் பேசத் தயங்குவது உரிமைப் பங்கீடு. கிடைத்த கண்டுபிடிப்பின் காப்புரிமை யாருக்கு, எந்த நாட்டில் யார் விற்கலாம், ஒருவர் பாதியில் விலகினால் என்ன ஆகும் என்பவற்றைக் கையெழுத்திட்ட உடன்படிக்கையாகக் கொடுக்க வேண்டும் என்று பெரும்பாலான நிதியங்கள் கேட்கின்றன. சிறியவருக்கு இது சுமைபோலத் தோன்றும். உண்மையில் அவருக்கான காப்பு இதுவே. உடன்படிக்கை இல்லாத இடத்தில் நல்ல வழக்கறிஞர் வைத்திருப்பவர் பக்கமே உரிமை சாயும்.

பழனி மலைகளின் விளைபொருள்களில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கான முயற்சியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்கு முதன்மையான பங்கு உண்டு. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும்: வேறிடத்தில் விளைந்த பூண்டைக் கொடைக்கானல் பூண்டு என்று விற்க முடியாது. ஆனால் பூண்டின் மரபணுவையோ, அதிலிருந்து பிரித்தெடுக்கும் வேதிப்பொருளையோ அது காக்காது. அந்த வேலையைச் செய்வது 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம்.

இச்சட்டத்தின்படி, அயல்நாட்டினரோ அயல்நாட்டு நிறுவனமோ இந்திய உயிரியல் வளத்தை ஆய்வுக்காகவோ வணிகப் பயனுக்காகவோ பெற, சென்னையில் இயங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். ஆய்வு முடிவை அவர்களிடம் பணத்துக்குக் கைமாற்றுவதற்கும் அனுமதி வேண்டும். அவ்வளத்தைக் கொண்டு கண்டறிந்ததற்குக் காப்புரிமை கேட்கும்போது இந்தியரும் சட்டம் சொல்லும் நடைமுறைக்கு உட்பட்டவரே. பூண்டை மூட்டை கட்டிச் சரக்காக ஏற்றுமதி செய்வது வேறு. பத்துப் பற்களை ஆய்வகத்துக்கு அஞ்சலில் அனுப்புவது வேறு. முன்னது வணிகம். பின்னது சட்டத்தின் பார்வையில் உயிரியல் வளத்தைக் கைமாற்றுதல். நல்லெண்ணத்தோடு கூட்டாளிக்கு மாதிரி அனுப்பிவிட்டுப் பிறகு அனுமதி தேடுவது, திட்டத்தையே நிறுத்திவிடக்கூடும்.

ஆய்வு நிறுவனங்கள் தமக்குள் செய்துகொள்ளும் கூட்டாய்வுக்கு, மைய அரசின் வழிகாட்டு நெறிகளுக்கு உட்பட்டு ஒப்புதல் பெற்றிருந்தால், இச்சட்டத்தின் 5-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. இரு வணிக நிறுவனங்களுக்கு இடையிலான கூட்டுக்கு அந்த விலக்கை எதிர்பார்க்க முடியாது. ஆகவே மலைவிளைபொருள் சார்ந்த திட்டங்களில், மாதிரிகளை இந்திய ஆய்வு நிலையத்திலேயே வைத்துச் சோதித்து, கருவியையும் வேதிப்பொருளையும் மட்டும் அயல்நாட்டுக் கூட்டாளி கொண்டுவருமாறு வேலையைப் பிரித்துக்கொள்வது எளிய வழி. மேலே கண்ட சோதனைப் பட்டை எடுத்துக்காட்டில் வாழைக்கன்று மலையை விட்டு இறங்க வேண்டியதே இல்லை.

வணிகப் பயன் கிடைக்கும்போது அதில் ஒரு பங்கு வளத்தைப் பேணிவந்த ஊர்மக்களுக்குச் சேர வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் விதி. அதற்காக ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கப்பட்டு, ஊரின் பயிர்வகைகளும் மூலிகைகளும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். கூட்டாய்வு விண்ணப்பம் ஒன்று மலைக்கு வருவதற்கு முன்பே நிறைவு செய்யக்கூடிய வேலை இது. எந்த ஊரில் எந்தப் பூண்டு வகை, எந்த வாழை யாரால் பேணப்பட்டது என்பது பதிவேட்டில் இருந்தால், பங்கு கேட்கும் நாளில் காட்ட ஓர் ஆவணம் இருக்கும்.

விண்ணப்பிக்க எண்ணுவோர் கவனிக்க வேண்டியவை

அழைப்புகள் அறிவியல், தொழில்நுட்பத் துறை, தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம், ஜி.ஐ.டி.ஏ. ஆகியவற்றின் தளங்களில் வெளியாகின்றன. நாட்டுக்கு நாடு துறைகள் மாறும். ஓர் ஆண்டு வேளாண்மை இருக்கும், அடுத்த ஆண்டு இராது. இரு தரப்பும் தத்தம் நாட்டு அலுவலகத்தில் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்த விண்ணப்பம் பரிசீலனைக்கே எடுக்கப்படாது. திட்டத்தின் பெயரும் கூட்டாளிகளின் பெயரும் இரு விண்ணப்பங்களிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது சிறிய செயல்தான்.

நிறுவனத்தின் பதிவுச் சான்று, உத்யம் பதிவு, கடந்த ஆண்டுகளின் தணிக்கைக் கணக்கு ஆகியவற்றை முன்பே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். இணைந்து செயல்படும் ஆய்வு நிலையம் அரசைச் சார்ந்ததாக இருந்தால், அதன் தலைமையிடத்தின் எழுத்து ஒப்புதல் வேண்டும். தடியன்குடிசையோ கொடைக்கானலோ நேரே கையெழுத்திட முடியாது. கோப்பு கோயம்புத்தூர் சென்று திரும்ப வேண்டும். அதற்குச் சில வாரங்களைத் தனியே ஒதுக்காத விண்ணப்பங்கள், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் கடைசி நாளைத் தவறவிடக்கூடும்.